வெறும் டேங்கோடு எல்லை தாண்டியவன்

எங்கள் ஊர் ரம்தாவிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் லேசில் கடல் வராது. ஆனால் எங்களிடம் கடலோடிகள் உண்டு. காலையில் மஞ்சள் டாக்சியை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி, சிரியாவில் இருக்கும் தராவுக்குப் போய், சாமான் வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் ஜோர்டானுக்குத் திரும்புகிறவர்களுக்குத்தான் அந்தப் பெயர். அவர்களில் நீச்சல் தெரிந்தவன் ஒருத்தன்கூட இல்லை. என் தங்கை ஜவாஹிரைக் கட்டிய ஹாயிலும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அவனை முப்பது வருஷமாகச் சகித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அவ்வாத். கல்வி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கோப்பு, முத்திரை, கையெழுத்து என்றே வாழ்ந்த எனக்கு அவன் பிழைப்பு ஒரு பிழைப்பாகவே தோன்றியதில்லை. எதையும் எழுதி வைத்துக்கொள்ள மாட்டான். எந்த வீட்டுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெரு வரிசைப்படி மனதில் ஏற்றிக்கொண்டு, ஸ்டியரிங்கைத் தட்டியபடி பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே போவான். ஊரில் பாதி ஆண்களின் பனியன் அளவு அவனுக்குத் தெரியும். புருஷனிடம் கேட்கக் கூச்சப்படும் சாமானைப் பெண்கள் அவனிடம் சொல்லி அனுப்புவார்கள். அவனும் கறுப்புப் பையில் சுற்றி வாசலில் வைத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவான். நல்லவன்தான். நல்லவனாக இருந்தால் வயிறு நிறையுமா என்பதுதான் என் கேள்வி.

அந்தப் பக்கம் சண்டை மூண்டதும் எல்லை வாசலை மூடினார்கள். நடுவில் கொஞ்ச நாள் பெயருக்குத் திறந்தார்கள். நோய் வந்தது என்று மூடினார்கள். மறுபடி திறந்து, லாரிக்கு மட்டும்தான் வழி என்றார்கள். ஹாயில் காரைத் தார்ப்பாயால் மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் லாரி ஓட்டினான், பள்ளிக்கூட வேன் ஓட்டினான், ஒரு வருஷம் கோழிக்கடையில் நின்றான். எதுவும் ஒட்டவில்லை. அந்த வீட்டைத் தாங்கியது என் தங்கையின் தையல் மெஷின்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் தார்ப்பாயை விலக்கி, பத்து நிமிஷம் என்ஜினை ஓடவிட்டு, மறுபடி மூடிவைப்பான். இப்படிப் பதினாலு வருஷம். பார்க்கிற எனக்கு எரிச்சலாக வரும். பாவமாகவும் இருக்கும். அதை மட்டும் வெளியே காட்டிக்கொண்டதில்லை.

போன வசந்தத்தில் எங்கள் ஊர்க் கார்களும் போகலாம் என்று சேதி வந்தபோது, நான் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு செய்து முடித்திருந்தேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாசல் காவலாளி வேலை. தலைமையாசிரியையிடம் என் வாக்கைக் கொடுத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை; வாரம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை ஹாயில் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரன் காரைப் பார்க்க வருவதாக இருந்தான்.

"ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்," என்றான் ஹாயில். அவன் பார்த்தது என்னை அல்ல, என் தங்கையை.

ஜவாஹிர் தையலை நிறுத்தவில்லை. "பதினாலு வருஷமா நானும் அந்தக் காரோட சேந்து தார்ப்பாய்க்கு அடியில கெடக்கறேன். சரி, போங்க. வியாழக்கிழமை போங்க. தெருவுல கேட்ட சாமான்ல ஒண்ணுகூடக் குறையக் கூடாது. அன்னிக்கே, இருட்டறதுக்குள்ள கார் வாசல்ல வந்து நிக்கணும். நின்னா கார் உங்களுக்கு. இல்லன்னா இரும்புக்காரனுக்கு. அப்பறம் இந்தப் பேச்சே வீட்ல இருக்கக் கூடாது."

"ஒத்துக்கறேன்."

"அண்ணே, நீயும் கூடப் போ. இவர் தனியாப் போயிட்டு வந்தா வாய் வெத்தலபோட்ட மாதிரி செவக்கச் செவக்கக் கதை சொல்லுவார். நீ இருந்தா உள்ளது உள்ளபடி வரும்."

இப்படித்தான் நான் சாட்சியானேன். ஹாயிலுக்கு அதிலும் சந்தோஷம்தான். "உனக்கு என்ன வேணும் மச்சான்? சொல்லு, வாங்கிட்டு வந்துடலாம்," என்றான்.

"ஒண்ணும் வேண்டாம். பக்கத்து டவுன் இர்பித்துல கடை இருக்கு, எனக்குக் காலும் இருக்கு," என்றேன்.

தெருவில் ஏழு வீட்டார் சாமான் கேட்டார்கள். அந்தக் காலத்தில் நாற்பது வீடு கேட்கும். அலெப்போ சோப்பு, ஆப்ரிகாட் பழக்கூழைக் காயவைத்த தகடு, நிச்சயதார்த்தத்துக்குச் சர்க்கரை பூசிய பாதாம், காப்பிக் கிண்ணம், இப்படி எல்லாம் சாதாரணச் சாமான். கடைசி வீட்டு உம்மு ஃபாயிஸ்தான் வில்லங்கமாகக் கேட்டாள். சண்டைக்கு முந்தின வருஷம் அவளுக்கு ஹாயில் ஒரு சிரியா குக்கர் வாங்கிக் கொடுத்திருந்தான். அதன் கேஸ்கெட் போய், இர்பித்திலும் அம்மானிலும் தேடியும் அந்த அளவு கிடைக்காமல், பத்து வருஷமாகக் குக்கரில் வெங்காயம் போட்டு வைத்திருந்தாள்.

"நீதானே வாங்கியாந்த. நீயே வந்து மூடு," என்றாள் அவள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் பக்கத்து வாசலில் நின்றோம். அங்கிருந்த இளம் அதிகாரி காரைச் சுற்றி ஒரு நடை வந்தான். "பெரியவரே, இதை மியூசியத்துலேருந்து எப்ப வெளிய விட்டாங்க?" என்று கேட்டுவிட்டு முத்திரை குத்தினான். ஹாயில் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. புது மாப்பிள்ளை தோற்றான்.

இரண்டு வாசலுக்கும் நடுவில் இருக்கும் வெற்றுச் சாலையில் போகும்போதுதான் பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். அது அடியில் படுத்துக் கிடந்தது.

"மாப்ளே, டேங்க்ல ஒண்ணுமே இல்லையே!"

"இருக்கக் கூடாதே," என்றான் அவன் பெருமையாக. "ரம்தாக்காரன் எவனாவது டேங்க்கை ரொப்பிக்கிட்டு அந்தப் பக்கம் போவானா? கல்யாண வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோற மாதிரி இருக்காது? தராவுல பெட்ரோல் தண்ணி விலை மச்சான். மெயின் டேங்க்கை ரொப்பி, பின்னாடி இருக்கற ரெண்டாவது டேங்க்கையும் ரொப்பிட்டுத்தான் திரும்புவோம்."

"அது பதினாலு வருஷத்துக்கு முன்னாடி."

ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்த அவன் விரல் நின்றுவிட்டது. பழக்கம் பொல்லாதது. இத்தனை வருஷம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காரைத் துடைத்தவனுக்கு, அந்தப் பக்கத்து நிலவரம் மாறியிருக்கும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

தரா ஊரின் நுழைவாயிலில் இருக்கும் பெட்ரோல் பங்கு வரைக்கும் இறக்கத்தில் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். பங்கு மூடிக் கிடந்தது. மூன்று நாளாக எண்ணெய் லாரி வரவில்லையாம். சும்மா சொல்லக் கூடாது, அங்கே நாங்கள் தனியாக இல்லை. எங்களுக்கு முன்னால் நான்கு மஞ்சள் கார்கள் வரிசையாக நின்றன. நான்கும் ரம்தா கார்கள். நான்கிலும் டேங்க் காலி. சாரதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. ஒரு ஊரே சேர்ந்து ஒரே முட்டாள்தனத்தைச் செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

மற்ற நால்வருக்கும் அவசரமில்லை. எல்லை கோடு போட்டதே தவிர, இரண்டு பக்கமும் ஒரே ஜனம்தான். ஆளுக்கொரு சித்தப்பன் வீடு தராவில் உண்டு, ராத்தங்கிப் போவார்கள். எங்களுக்குத்தான் கெடு இருந்தது. மாலை நான்கு மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள்.

ஹாயில் தன் பழைய கடைக்காரன் ரஸ்லானுக்குப் போன் போட்டான். பெருநாள்தோறும் போனில் பேசிக்கொண்டார்களே ஒழிய, இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டு பதினாலு வருஷம். ரஸ்லான் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். தாடி முழுக்க வெளுத்திருந்தது. இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், வெட்கமே இல்லாமல், நடுரோட்டில். நான் பங்கின் விலைப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் விலை எதுவும் எழுதியிருக்கவில்லை.

"கடலோடிங்க வருவாங்க, கடைக்கு உசிரு வரும்னு காத்திருந்தேன்," என்றான் ரஸ்லான் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வந்தீங்களே, பிச்சைக்கு!" பிறகு தன் மோட்டார் சைக்கிளிலிருந்து பெட்ரோலை ஒரு பாட்டிலில் இறக்கி எங்கள் டேங்கில் ஊற்றினான். அது அவன் கடை வாசல் வரைக்கும்தான் வந்தது.

கடைக்கு மேலிருந்த மாடி சண்டையில் இல்லாமல் போயிருந்தது. கீழே புதுச் சுண்ணாம்பு அடித்து, அலமாரியில் சோப்பை அடுக்கியிருந்தான். கேட்டதெல்லாம் ஒரு மணி நேரத்தில் சேர்ந்தது. பாதாம் எதிர்க்கடையில் கிடைத்தது, காப்பிக் கிண்ணம் பக்கத்துத் தெருவில். கேஸ்கெட் மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் குக்கர் செய்த தொழிற்சாலையே இப்போது இல்லை என்றார்கள். ஹாயிலும் நானும் பாத்திரக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். மணி ஒன்றாகிவிட்டது.

"ஒரு ரப்பர் வளையத்துக்காகவா என் கார் போகணும்?" என்று ஹாயில் ரஸ்லான் வீட்டுக்குத் திரும்பி வந்து திண்டில் உட்கார்ந்தான். அவன் குரலே மாறியிருந்தது. அந்தக் காவலாளி வேலைக்கான கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அது குத்தியது.

ரஸ்லானின் மனைவி நஜா எங்களுக்கு முஜத்தரா என்கிற பருப்புச் சோற்றைப் பரிமாறிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு குக்கர் மூடி. அதே சிரியா குக்கர். விளிம்பிலிருந்து கேஸ்கெட்டைப் பிதுக்கி எடுத்து, துணியில் துடைத்து, ஹாயிலின் முன்னால் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே."

"என்னம்மா இது? ஒன் வீட்டுச் சட்டியைக் கழட்டிட்டுப் போக நான் என்ன திருடனா?"

"கேஸ் தீந்து ஒரு மாசம் ஆச்சு. வெறகுல வச்சா குக்கர் அடி கருகிப் போவுது. ஆணியில சும்மாதான் தொங்குது. அடுத்த தடவை வர்றப்போ வேற ஒண்ணு கொண்டாந்து போடுங்க."

ஹாயில் வளையத்தைத் தொடவில்லை.

"என்னண்ணே யோசனை? கடலோடி கையில குடுத்தா பொருள் திரும்பி வரும்னு எங்க மாமனார் சொல்லுவாரு. நீங்க வருவீங்கதானே? வர மாட்டீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

ஹாயில் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஒப்பந்தத்தை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? கார் போய்விட்டால் இந்த வளையமும் திரும்பி வராது.

"வருவேன்," என்றான் கடைசியில். அவன் வாக்கு எனக்குத் தெரியும். அது என் வாக்கு மாதிரி இல்லை, முத்திரையே வேண்டாம்.

"அப்ப வெறுங்கையோட வராதீங்க," என்று நஜா பட்டியலை ஆரம்பித்தாள். "இந்தத் தெருவுக்கு ஈஸ்ட்டு வேணும், ரொட்டி உப்ப மாட்டேங்குது. எதிர் வீட்டுப் பச்சக் கொழந்தைக்குப் பால் பவுடர். கோடி வீட்டுக்குச் சோலார் வெளக்கு பேட்டரி. எனக்கு ஒரு கேஸ் அடுப்பு பர்னர்..."

அவள் சொல்லச் சொல்ல ஹாயிலின் விரல்கள் முழங்காலைத் தட்ட ஆரம்பித்தன. உதடும் அசைந்தது. முன்பெல்லாம் வெறும் காரோடு போய் நிறைத்துக்கொண்டு வருவான். இப்போது நிறைத்துக்கொண்டு போக வேண்டிய காலம். இது எனக்கே புரிந்தது என்றால் அவனுக்குப் புரியாதா?

ஆனால் முதலில் வீடு போய்ச் சேர வேண்டும். இரண்டரை மணிக்கு ரஸ்லான் நெடுஞ்சாலையில் நின்று ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்தினான். லெபனானின் ஸஹ்லே ஊரிலிருந்து ஆப்பிள் ஏற்றி வந்த லாரி. ஓட்டுநர் தானியோஸ், கழுத்தில் சிலுவையும் வாயில் பாட்டுமாக இறங்கினான். அவனிடம் விவரம் சொன்னோம்.

"கடலோடிங்களா?" என்று அவன் இடுப்பில் கை வைத்தான். "கடல் எங்க நாட்டுல இருக்கு. நீங்க ஏம்ப்பா இங்க வந்து முழுகுறீங்க?"

டீசலால் எங்களுக்குப் பிரயோஜனமில்லை, காரைக் கயிறு கட்டி இழுத்தால் போதும் என்றோம். அதற்கு அவன் ஒரு நிபந்தனை போட்டான். எல்லை யார்டில் அவன் சரக்கை ஜோர்டான் லாரிக்கு மாற்ற வேண்டும். அவன் லாரி அதற்கு மேல் போகக் கூடாது, அதுதான் சட்டம். வியாழக்கிழமை பிற்பகல் சுமை தூக்க ஆள் கிடைக்காது. நாங்கள் கை கொடுக்க வேண்டும்.

எல்லை யார்டு வரைக்கும் இழுத்து வந்தான், நாங்களும் கை கொடுத்தோம். அறுபத்தோரு வயதில் ஆப்பிள் பெட்டி சுமந்தேன். லெபனான் ஆப்பிள், சிரியா சாலை, ஜோர்டான் லாரி, சாப்பிடப் போகிறவன் சவூதியில். நடுவில் ஒடிந்தது என் முதுகு. "இந்த வண்டி அப்படியே நேரா ரியாத் போனா என்ன கொறஞ்சிடும்?" என்று நான் கத்தினேன்.

"அண்ணே, இருவத்தஞ்சு வருஷமா நானும் அதைத்தான் கேக்கறேன்," என்றான் தானியோஸ். "மேல இருக்கறவங்க பேசிக்கிட்டே இருக்காங்க. போன மாசம்கூடப் பேசினாங்க. ஒரு நாள் நடக்கும். அன்னிக்கு உங்க வீட்டு வாசல்ல நிறுத்தி ஒரு பெட்டி எறக்கிட்டுத்தான் போவேன்." அவன் எங்கள் இரண்டு பேர் மடியிலும் ஆப்பிளைக் கொட்டினான்.

மூன்றே முக்கால். இனி கயிறு கட்ட வண்டி இல்லை, தள்ளத்தான் வேண்டும். ஹாயில் ஜன்னல் வழியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ள, நான் பின்னால் தள்ளினேன். சோப்பும் கிண்ணமும் ஏற்றிய கார் அசைவேனா என்றது. எதிரே எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பஸ் வந்து வரிசையில் நின்றது. பல வருஷம் ரம்தாவிலும் இர்பித்திலும் அகதிகளாக இருந்துவிட்டு ஊர் திரும்புகிற குடும்பங்கள். கூரை மேல் மெத்தையும் ஃபிரிட்ஜுமாகக் கட்டியிருந்தார்கள். அவர்களில் ஆறேழு ஆண்கள் இறங்கி ஓடி வந்தார்கள்.

"அட, ஹாயில் அண்ணன்!" என்றான் ஒருத்தன். "எங்க புள்ளைங்களைப் பள்ளிக்கூட வேன்ல கொண்டுபோய் விட்டவரு. தள்ளுங்கடா!"

தள்ளினார்கள். சிரியாவுக்குப் போகிறவர்கள் ஜோர்டானை நோக்கி ஒரு காரைத் தள்ளிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு தங்கள் பஸ்ஸுக்குத் திரும்பி ஓடினார்கள். நான் கொஞ்ச நேரம் நிமிராமல் குனிந்தே நின்றேன். அதை முதுகுவலி என்று சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து வாசலில் காலையில் பார்த்த அதே இளம் அதிகாரி. கடிகாரத்தைப் பார்த்தான், காரைப் பார்த்தான். "என்ஜின் ஓடாத வண்டியை உள்ள விட முடியாது பெரியவரே. ஓரமா விட்டுட்டு, நாளைக்கு வெள்ளிக்கிழமை லீவு, சனிக்கிழமை வந்து எடுத்துக்கங்க."

ஹாயில் காரின் கூரை மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். சாட்சிக்கு வந்தவன் சாட்சியாகவே நின்றிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காவலாளி வேலை, வெள்ளிக்கிழமை இரும்புக்காரன், எல்லாம் என் ஏற்பாடு. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நான் நினைத்ததுதான் நடந்திருக்கும்.

"எந்த விதியில அப்படி இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"என்னது?"

"என்ஜின் ஓடிக்கிட்டுதான் உள்ள வரணும்னு எந்த விதி சொல்லுது? எண் சொல்லுங்க. எழுத்துல குடுங்க. நான் முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கக் கோப்பு பாத்தவன். பதிவு சரியா இருக்கா? இருக்கு. சாமான் அளவுக்குள்ள இருக்கா? இருக்கு. மணி நாலு ஆகலை. வண்டியைக் கழுதை இழுத்துட்டு வந்தாலும் அது வண்டிதான்!"

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. முத்திரை விழுந்தது. பக்கத்துப் பங்கிலிருந்து ஒரு கேன் பெட்ரோல் வாங்கி ஊற்றியபோது, கழுதைப் பேச்சை எடுத்ததற்குக் காரிடம் ஹாயில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசலில் ஜவாஹிர் நின்றிருந்தாள். மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்தாள். கடைசியில் கேஸ்கெட்டைக் கையில் எடுத்து, "இது பழசா இருக்கே," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சொல்லுண்ணே, நடந்ததை," என்றாள்.

உள்ளது உள்ளபடி சொன்னேன். வெறும் டேங்க், நான்கு மஞ்சள் கார், ஆப்பிள் பெட்டி, நஜா கழற்றிக் கொடுத்த வளையம், அவள் கேட்ட கேள்வி எல்லாம். அவன் சொன்ன பதிலையும் சொன்னேன்.

ஜவாஹிர் வளையத்தை விரலில் மாட்டித் திருப்பிப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு இனிமே எதுல பருப்பு வேக வைப்பா?" என்றாள். "ஞாயித்துக்கிழமை இவர் பள்ளிக்கூட வாசல்ல போய் உக்காந்தா, அவளுக்கு யாரு பதில் சொல்றது? நான் சொல்றதா?"

"அப்ப இரும்புக்காரன்?" என்று ஹாயில் மெல்லக் கேட்டான்.

"அவனுக்கு ஆகாதுன்னு சொல்லிட்டேன். நீங்க தெருமுனையில திரும்பறதைப் பாத்தப்பவே போன் பண்ணிட்டேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே விரலை நீட்டினாள். "ஆனா ஒண்ணு. டேங்க்கை ரொப்பாம இந்த வாசலைத் தாண்டுனீங்கன்னா, காரை நானே தள்ளிக்கிட்டுப் போய் வித்துடுவேன்."

என் வாக்கு மட்டும்தான் மிச்சம் நின்றது. தலைமையாசிரியைக்கு ஆள் வேண்டும். வீட்டில் ஓய்வில் உட்கார்ந்து மருமகளின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்த ஆள் ஒருத்தன் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் போய் உட்கார்ந்தது நான்தான்.

ஏழேகாலுக்கு அந்த மஞ்சள் கார் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றது. பின்சீட் முழுக்க ஈஸ்ட்டும் பால் பவுடரும். முன்சீட்டில் ஒரு புதுக் குக்கர், மூடியோடும் கேஸ்கெட்டோடும். அதை வாங்கிக் கொடுத்தது உம்மு ஃபாயிஸ். விஷயம் தெரிந்ததிலிருந்து, இன்னொருத்தி வீட்டு வளையத்தில் வெந்த கறி தொண்டையில் இறங்கவில்லை என்று தெருவையே இரண்டு பண்ணிவிட்டாளாம். ஹாயில் பெட்ரோல் முள்ளைச் சுட்டிக் காட்டினான். அது உச்சியில் நின்றது.

"சரி, சரி, போய்த் தொலை," என்றேன். கார் நகர்ந்தது. "மாப்ளே!" என்று கூப்பிட்டேன். நின்றது. எழுந்து ஜன்னலோரம் போனேன். பிள்ளைகள் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

"பனியன் ரெண்டு," என்றேன். "பருத்தியில. அளவு..."

"நாப்பத்திரண்டு," என்றான் அவன். என்னை மேலும் கீழும் பார்த்தான். "இல்ல மச்சான், அது அந்தக் காலம். இப்ப நாப்பத்தாறு."

அவன் விரல்கள் ஸ்டியரிங்கைத் தட்ட ஆரம்பித்தன. கார் எல்லைப் பக்கம் திரும்பும் வரைக்கும் அந்தப் பாட்டு எனக்குக் கேட்டது. மூலை வீட்டில் ஆரம்பித்து, தெரு முழுக்க வந்து, கடைசியில் பள்ளிக்கூட வாசலில் மச்சானுக்குப் பனியன் ரெண்டு என்று முடிந்தது.